குதிரைக்கு வயிற்றில மணல்: டொக்டர் போனதுக்குப் பிறகு என்ன செய்யிறது?

கல்லடி மணல் | ஆகஸ்ட் 3, இரவு 11.50

ஆராவது முழிச்சிருக்கிறீங்களா?

எங்கட வளவில ஒரு பெட்டைக் குதிரை நிக்குது. பேர் சங்கு, நெத்தியில சங்கு மாதிரி வெள்ளை. குட்டைச் சாதி, வயசு பன்னிரண்டு மட்டில. பாசிக்குடாப் பக்கம் சவாரிக்கு நின்டது. வைச்சிருந்த ஆள் வெளிநாடு போகக்குள்ள மாமா வாங்கினார். மறுகா மாமாவும் கத்தார் போயிற்றார், குதிரை என்ட தலையில.

இன்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் புல்லுக்கட்டைத் தொடவே இல்ல. முன்னங்காலால நிலத்தைக் கிண்டினது, திரும்பித் திரும்பி விலாவைப் பாத்தது. மேல் உதட்டைச் சுருட்டினது. நான் விசரன், சிரிக்குது என்டு போட்டோ வேற எடுத்தன். ஐஞ்சரைக்கு விழுந்து உருளத் தொடங்கிற்று.

அந்த நேரம் பக்கத்து வளவு ஆள் ஒருத்தர் நல்லெண்ணெய்ப் போத்தலோட வந்து, வாயைத் தூக்கிப் பிடிச்சு ஊத்தினார். பாதி மூக்கால வந்திட்டு. இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணி. அதோட நிப்பாட்டினம்.

டொக்டர் ஏழரைக்கு வந்தார். "நான் மாடு பாக்கிற ஆள், குதிரை வருசத்துக்கு ஒன்டு ரெண்டுதான் காண்பன்" என்டு நேரா சொல்லிப்போட்டு, நுவரெலியாவில பந்தயக் குதிரை பாத்த தன்ட பெட்ச் ஆளுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில போட்டார். நாடி 64. மூக்கால நீட்டுக் குழாய் விட்டார், காத்து உஸ் என்டு வந்தது. அந்த மணத்தை எழுத ஏலாது. மறுகா அதே குழாயால திரவப் பரபின் எண்ணெய், கழுத்து நரம்பில ஊசி. பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா என்டு கேட்டன். உருண்டு கொண்டிருக்கிற குதிரையை லொறியில ஏத்தி மகியங்கனைக்கு அங்கால பதினெட்டு வளைவில கொண்டு போறது சரிவராது, விடிய வரைக்கும் பாப்பம் என்டார்.

பத்து மணிக்குப் போயிற்றார். தீன் குடுக்காத, மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாடி எண்ணு, 60க்கு மேல போனா அடி என்டார்.

இப்ப சங்கு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது. நித்திரையா, நோவா? எனக்கு விளங்கல்ல. ஆரும் சொல்லுங்க.

—

வந்தாறுமூலைப் பிள்ளை | ஆகஸ்ட் 4, 12.15

அண்ணா, நான் பேராதனையில கால்நடை மருத்துவம் மூன்றாம் வருஷம். டொக்டர் இல்லை, படிக்கிற ஆள். அதை மனசில வைச்சு வாசியுங்க.

ஊசி போட்டபடியால் இப்ப நோவு மூடிக் கிடக்கும். ஃப்ளூனிக்ஸின் என்ற நோவு மருந்தென்றால் அரை நாள் வரைக்கும் வேலை செய்யும். அதால குதிரை அமைதியா நிக்குது என்பதை மட்டும் நம்பாதீங்க. நாடியையும் பாருங்க. இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால கையை வையுங்க, அல்லது தாடை எலும்புக்குக் கீழ விரல் வைச்சுப் பாருங்க, கயிறு மாதிரி உருளும். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்க. சும்மா நிக்கிற நல்ல குதிரைக்கு 28 முதல் 44. குட்டைச் சாதிக்கு ஒள்ளம் கூடவும் இருக்கலாம்.

பிறகு உதட்டைத் தூக்கிப் பல்லு முரசைப் பாருங்க. விரலால அமத்தி விட்டா வெள்ளையாகி 2 செக்கனுக்குள்ள திரும்ப றோசாவாகோணும். முரசு செங்கல் நிறமா இருந்தா, பல்லடியில ஊதாக் கோடு விழுந்தா, விடியும் வரை பாத்திருக்க வேண்டாம், எடுங்க போனை.

விலாவில காதை வைச்சுக் கேளுங்க. ரெண்டு பக்கமும், மேலயும் கீழயும், நாலு இடம். வலது பக்கம் மேல, தண்ணி டாங்கி திறந்து விட்ட மாதிரி இடைக்கிடை ஒரு சத்தம் ஓடோணும். ஒரு சத்தமும் இல்லாத வயிறுதான் பயம்.

எல்லாத்தையும் நேரத்தோட ஒரு கொப்பியில எழுதுங்க. விடிய டொக்டர் வந்து கேக்கிற முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

எண்ணெய் இனி வேண்டாம். குதிரைக்கு வாந்தி எடுக்க ஏலாது. தலையைத் தூக்கி ஊத்தினா நுரையீரலுக்குப் போகும். டொக்டர் குழாய் விட்டதே அதுக்குத்தான், காத்தும் வெளியால வரும், மருந்தும் சரியா வயித்துக்குப் போகும். காத்து வெளியேறாட்டி இரைப்பை வெடிச்சே போகலாம்.

—

படுவான்கரைப் பட்டிக்காரன் | ஆகஸ்ட் 4, காலை 5.05

மனே, நான் வவுணதீவுப் பக்கம் மாடும் எருமையும் மேய்க்கிற ஆள். பெருங்காயமும் மிளகும் இடிச்சு ஒரு அவுன்ஸ் சாராயத்தில கலக்கி மூங்கில் குழாயில ஊத்து. எத்தினை எருமையை எழுப்பியிருக்கன்.

—

வந்தாறுமூலைப் பிள்ளை | ஆகஸ்ட் 4, 5.20

ஐயா, எருமைக்கு நாலு அறை வயிறு, அசை போடுற சாதி. குதிரைக்கு ஒரே ஒரு சின்ன இரைப்பை, பிறகு மீற்றர் கணக்கில மடிச்சு மடிச்சுப் பெருங்குடல். மடிப்பில எங்கயும் அடைக்கலாம், முறுகலாம். குழாயில ஊத்திறது எருமைக்குச் சரிவரலாம், இதுக்குத் தயவு செய்து வேண்டாம்.

—

படுவான்கரைப் பட்டிக்காரன் | ஆகஸ்ட் 4, 5.40

சரி புள்ள. படிச்ச ஆக்கள் சொன்னா கேப்பம். ஆனா ஒன்டு சொல்றன், இது எல்லாச் சீவனுக்கும் பொது. 2022 டிசம்பர்க் குளிரில வடக்கிலயும் நம்மட பக்கமும் மாடு ஆடு நூத்துக்கணக்கில செத்துதே, அந்தக் கிழமை என்ட பட்டியிலயும் விழுந்தது. தப்பினதெல்லாம் நான் ராவெல்லாம் பக்கத்தில கிடந்து புரட்டிப் போட்டதுதான். விழுந்ததை ஒரே பக்கமாக் கிடக்க விடாத. மணல் மூட்டை அண்டை குடுத்து நெஞ்சில குந்த வை. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மறுபக்கம் மாத்து.

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 4, காலை 9.30

ராத்திரி முழுக்க நித்திரை இல்ல. மருமகன்ட சீஆர் கொப்பியை எடுத்தன். கணக்குப் பாடத்துக்குப் பின்பக்கம் இப்ப சங்குட நாடி. 12.30க்கு 56. 2.00க்கு 52. 3.30க்கு 60, பயந்து டொக்டருக்கு அடிச்சன், பத்து நிமிசம் நடத்திப் பார் என்டார். 4.30க்கு 48. வலது பக்கம் அந்தத் தண்ணி டாங்கிச் சத்தம் முதல் தரம் கேட்ட நேரம் 5.10. கொப்பியில நட்சத்திரம் போட்டிருக்கன்.

ஆறு மணிக்கு ஐஞ்சு உருண்டை லத்தி. சின்னன், கறுப்பு, வெளியால பரபின் மினுக்கம். கையில எடுத்து நசிச்சன், நெறுநெறு என்டது. மணல்!

—

அறுகம்பைச் சவாரி | ஆகஸ்ட் 4, 10.10

தம்பி, நான் பொத்துவில் பக்கம் ரெண்டு குதிரை வைச்சிருக்கிறன், வெள்ளைக்காரர் கடற்கரையில சவாரி போறதுக்கு. நீங்க நசிச்ச அந்த நெறுநெறுவை நானும் நசிச்சிருக்கிறன்.

கச்சான் காத்து தொடங்கினா நம்மட கரையில புல்லு காஞ்சு கட்டையாப் போகும். குதிரை நுனியைக் கடிக்காது, வேரோட பிடுங்கும். வேரோட மணல் போகும். நிலத்தில போடுற தீனைப் பொறுக்கக்குள்ளயும் மணலையும் சேத்து நக்கும். வயித்துக்குள்ள போன மணல் பெருங்குடல் அடியில கல்லு மாதிரிப் படியும். ஒரு நாளில வாறதில்ல, மாசக்கணக்கில சேரும்.

இதைச் செய்து பாருங்க. நிலத்தில படாத, மேலால எடுத்த ஆறு உருண்டை லத்தி. உள்ளுக்குத் தெரியிற பொலித்தீன் பைக்குள்ள ஒரு லீற்றர் தண்ணியோட போட்டுக் கரைச்சு, ஒரு மூலை கீழ பாக்கத் தூக்கிக் கட்டுங்க. கால் மணித்தியாலம், இருபது நிமிசம் போக மூலையைத் தடவிப் பாருங்க. தேக்கரண்டிக் கணக்கில மணல் நின்டா வயித்துக்குள்ளயும் இருக்கு. ஒன்டும் நிக்காட்டி வயித்தில மணல் இல்ல என்டு நினைக்கப்படாது. சிலவேளை அது அசையாமல் கிடக்கும்.

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 4, பகல் 1.45

அக்கா, கட்டினன். மூலையில பெருவிரல் நீளத்துக்கு மணல். கல்லடிக் கடற்கரை மணல், அதே மஞ்சள். டொக்டருக்கு வட்ஸ்அப்பில அனுப்பினன், பின்னேரம் வாறாராம். "மணலை இழுக்க இசப்கோல் உமி வாங்கி வை, பேதிக்கு எப்சம் உப்பும் வாங்கி வை, எவ்வளவு என்டு சொல்ல நிறை வேணும்" என்டார். குதிரையை நிறுக்கிறது எப்பிடி? அரிசி ஆலைத் தராசிலயா?

—

வந்தாறுமூலைப் பிள்ளை | ஆகஸ்ட் 4, 2.00

தையல் நாடா போதும் அண்ணா. முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி அளவுங்க. தோள் முனையில இருந்து பின்பக்க எலும்பு வரைக்கும் நீளம் அளவுங்க. சென்ரிமீற்றரில நெஞ்சளவை நெஞ்சளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11,880 ஆல் பிரியுங்க. கிலோ வரும்.

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 4, 2.25

நெஞ்சு 140, நீளமும் 140. 231 கிலோ. மருமகன் போனில கணக்குப் போட்டுத் தந்தான். கொப்பிக்குக் கூலியாம்.

—

திருக்கோவில் மருந்துக்கடை | ஆகஸ்ட் 4, 2.50

இடையில வாறன், மன்னிக்கவும். கிலோவுக்கு 1 கிராம் இசப்கோல், 1 கிராம் எப்சம் உப்பு, ரெண்டும் சேத்துக் குழாயால, சில நாளைக்கு என்டு குதிரை டொக்டர்மார் எழுதுறது நான் கண்டிருக்கிறன். உங்கட டொக்டர் அதையேதான் சொல்லுவார் என்டு சொல்ல மாட்டன். ஆனா அப்பிடிச் சொன்னா ஒரு நாளைக்கு ஒவ்வொன்டும் 230 கிராம் மட்டில வரும். மனுசருக்கு விக்கிற சின்னப் பக்கட்டில அது கனக்க. ஒரு கடையில கிடையாது, ரெண்டு மூண்டு கடை ஏறுங்க. உமி மட்டும் உள்ளதை வாங்குங்க. இனிப்பும் தோடம்பழ வாசமும் போட்டது வேண்டாம்.

தண்ணியில கலந்தா நிமிசத்தில களியாப் போகும். டொக்டர் குழாயை விட்ட பிறகு கலக்குங்க, முதலே கலந்து வைச்சா குழாய் அடைக்கும். என்ட பெரியப்பாவுக்கே ஒருக்காத் தொண்டையில நின்டது.

—

ஊர்சுத்தி | ஆகஸ்ட் 4, 4.30

மட்டக்களப்பில குதிரை வைச்சு என்னத்துக்கு? வித்துப்போட்டு ரெண்டு பால்மாடு வாங்குங்க.

—

ஓட்டமாவடிக் காக்கா | ஆகஸ்ட் 4, 4.40

ஊர்சுத்தித் தம்பி, வருத்தக் குதிரைய வித்தா வாங்குறவன் என்ன செய்யிற? நீங்க சுத்துற வேலையப் பாருங்க.

கல்லடித் தம்பி, என்னட்ட மீன் லொறி இரிக்கி. ராவோ பகலோ ஒரு கோல் போதும். ஆனா உங்கட டொக்டர் சொன்ன சரி. அந்த வளைவுல ஐஸ் பெட்டியே ஒரு பக்கம் சரியிற, நாலு கால்ல நிக்கிற நோயாளி என்ன செய்யும்?

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 5, இரவு 8.15

ரெண்டாம் தரம் குழாய் விட்டாச்சு. நாளைக்கும் நாளன்டைக்கும் இருக்கு. இன்டைக்கு மட்டும் பதினொரு தரம் லத்தி. வளவு முழுக்க ஈரமணல் உருண்டை. எப்சம் உப்பு வேலை செய்யுது.

தீன் விசயத்தில வீட்டில சண்டை. அம்மா சொல்றா, வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுறது பாவம் என்டு. டொக்டர் முதல் நாள் ஒன்டும் வேணாம் என்டவர், நேத்துப் பின்னேரம் தொடங்கி ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பிடி பச்சைப்புல் என்டார். ஒரு பிடி என்டா ஒரு பிடிதான். சங்கு அதை மூண்டு வாயில முடிச்சுப்போட்டு என்ட சேட்டைக் கடிக்குது.

—

வந்தாறுமூலைப் பிள்ளை | ஆகஸ்ட் 5, 8.50

அம்மாவும் சரி, டொக்டரும் சரி. குட்டைச் சாதிக் குதிரையையும் கழுதையையும் கனக்க நேரம் வெறும் வயித்தில விடக் கூடாது. ஒரு நாள், ரெண்டு நாள் தின்னாட்டி உடம்புக் கொழுப்பெல்லாம் ரத்தத்தில இறங்கி, எடுத்து வைச்ச ரத்தத்தின் மேல்தண்ணி பால் மாதிரிக் கலங்கும். அதுக்குப் பிறகு ஈரல் போகும். அதே நேரம், பசியில நிக்குது என்று ஒரேயடியாக் கொட்டினா திரும்ப அடைக்கும். அதனால்தான் பிடி கணக்கு. ஒரு நாள் நல்லாப் போனா அடுத்த நாள் ரெண்டு பிடி. முழுத் தீனுக்குத் திரும்ப ஒரு கிழமைக்கு மேல பிடிக்கலாம்.

வெட்டின புல்லைத் தண்ணியில நனைச்சுக் குடுங்க. வைக்கோல் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், தடிச்ச நார் திரும்பக் கட்டியாகும்.

தண்ணி எவ்வளவு குடிக்குது?

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 5, 9.05

வாளியில கோடு போட்டு வைச்சிருக்கன். காலையில இருந்து 9 லீற்றர்.

—

வந்தாறுமூலைப் பிள்ளை | ஆகஸ்ட் 5, 9.10

காணாது. அதின் நிறைக்கு, சும்மா நிக்கிற நாளிலயே 12 லீற்றராவது வேணும், இந்த வெக்கைக்கு இன்னும் கூட. ரெண்டு வாளி வையுங்க. ஒன்றில வெறும் தண்ணி, மற்றதில ஒரு பிடி உப்பு. எது வேணும் என்று அதுக்குத் தெரியும். உப்புத்தண்ணி மட்டும் வைக்க வேண்டாம்.

—

அறுகம்பைச் சவாரி | ஆகஸ்ட் 5, 9.30

கிணத்துத் தண்ணி மாறினாலும் சிலது குடிக்காது. என்ட ஆண்குதிரைக்கு குழாய்த் தண்ணி குளோரின் மணம், மூக்கைச் சுளிக்கும். இளநீர் ஒரு கோப்பை கலந்து குடுத்தா வாளி காலி. இது மருந்தில்ல, ஆசை காட்டுற வேலை.

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 6, காலை 6.40

இன்டைக்கு வேற ஒரு பயம். முன்னங்கால் ரெண்டையும் முன்னுக்கு நீட்டி, பாரத்தைப் பின்னுக்குப் போட்டு நிக்குது. நடக்கச் சொன்னா முள்ளில மிதிக்கிற மாதிரி. குளம்பு கையில சுடுது. நாடி 52, நேத்து 44.

—

வந்தாறுமூலைப் பிள்ளை | ஆகஸ்ட் 6, 6.48

நடத்தாதீங்க! உடன டொக்டருக்கு எடுங்க. குளம்புக்கு மேல, கணைக்காலின் பின்பக்கம் ரெண்டு ஓரமும் விரல் வையுங்க, துடிப்புப் பலமா அடிக்குதா?

குடல் புண்பட்டா அங்க இருக்கிற நஞ்சு ரத்தத்தில ஏறும், குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சு வைச்சிருக்கிற சவ்வு வீங்கும். வயித்தால தப்பின குதிரை காலால போறது இப்பிடித்தான். டொக்டர் வரும் வரைக்கும் ஐஸ். நிறைய ஐஸ். ஐஸ் மட்டும் இல்ல, ஐஸும் தண்ணியும். கணைக்கால் வரைக்கும் மூழ்கி இருக்கோணும், விடாமல்.

—

ஓட்டமாவடிக் காக்கா | ஆகஸ்ட் 6, 6.55

ஐஸ் என் பொறுப்பு. வாழைச்சேனைத் துறைமுகத்துல இரிந்து இப்ப லொறி மட்டக்களப்புச் சந்தைக்கு வாற. றைவருக்குச் சொல்லியாச்சு, ரெண்டு ரெஜிபோம் பெட்டி உங்கட கேற்றுல இறக்குவான். நொறுக்கின ஐஸ், கட்டி இல்ல. காசுப் பேச்சு வேணாம்.

—

படுவான்கரைப் பட்டிக்காரன் | ஆகஸ்ட் 6, 7.10

உரப்பைக்குள்ள இருக்கிற பொலித்தீனை எடு மனே. நல்லாக் கழுவு, யூரியா ஒட்டி இருக்கும். காலை அதுக்குள்ள விட்டு, ஐஸும் தண்ணியும் நிரப்பி, முழங்காலுக்குக் கீழ சைக்கிள் ரியூப்பால கட்டு. இறுக்கிப் போடாத, ரெண்டு விரல் போகோணும்.

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 8, இரவு 10.30

ரெண்டு நாள் எழுத நேரம் இல்ல.

6ஆம் திகதி காலை ஏழரைக்கு ஐஸ் வந்தது. அதில இருந்து இன்டைக்குப் பகல் வரைக்கும் நானும் மருமகனும் அம்மாவும் முறை வைச்சு நிரப்பினம். பைக்குள்ள ஐஸ் கரைஞ்சு போக ஒன்டரை மணித்தியாலம், வெயிலில ஒரு மணித்தியாலம். ராவு மூண்டு மணிக்கு அம்மா ரோச் லைட்டோட நிக்கிறா, ஐஸ் பெட்டியில இருந்து ஒரு சின்ன நெத்தலி வருது. பாத்துப்போட்டு "இது ஆருக்கு மருந்து?" என்டு கேட்டா. மூண்டு நாளில முதல் தரம் சிரிச்சம்.

டொக்டர் ரெண்டு தரம் வந்தார். நோவுக்கு ஊசி போட்டார். கழுத்தில ஊசி போட்ட இடத்தில கயிறு மாதிரி வீக்கம், அதைக் கண்டு மறுபக்க நரம்புக்கு மாறினார். இந்த மருந்தைச் சதையில குத்தக் கூடாது, சதை அழுகும் என்டு சொன்னார், நான் கேக்காமலே. நானாக் குத்த வெளிக்கிடுவன் என்டு நினைச்சிருப்பார் போல.

கால் துடிப்பு இறங்கியிற்று. நாடி 40. இப்ப படுத்திருக்குது, நெஞ்சில குந்தி. பட்டிக்கார ஐயா சொன்ன மாதிரி.

படுக்கைதான் பிரச்சினை. நோவுக் காலுக்கு மணல் மெத்தை நல்லதாம், இதுக்கு மணலே விசம்! கடைசியில தச்சுப் பட்டறையில மரச்சீவல் பத்து மூட்டை கொண்டு வந்து அரை முழத்துக்குப் போட்டிருக்கம்.

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 11, பின்னேரம் 5.20

திரும்பக் கிண்டுது. விலாவைப் பாக்குது. நாடி 48.

விசாரிச்சதில, பகல் நான் டவுனுக்குப் போன நேரம் மதிலால ஆரோ ரோஸ் பாண் போட்டிருக்கிறாங்க. ஒன்டில்ல, ஐஞ்சு. "மெலிஞ்சு போச்சு, பாவம்" என்டு. மரச்சீவலுக்குள்ள ஒரு பாண் துண்டு கிடந்து பிடிச்சன்.

டொக்டருக்குச் சொல்லியாச்சு. தீனை நிப்பாட்டி, கொஞ்சம் நடத்தி, மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்ணச் சொன்னார். மிச்சம் இருந்த நோவு மருந்தைக் குடுக்கவா என்டு கேட்டன். "நோவை மூடினா எனக்கு ஒன்டும் தெரியாது, தொடாத" என்டு ஏசினார்.

—

அறுகம்பைச் சவாரி | ஆகஸ்ட் 11, 5.45

மதிலில ஒரு பலகை எழுதிக் கட்டுங்க. எங்கட வாசலில "தீன் போட்டால் குதிரை சாகும்" என்டு மூண்டு பாசையிலயும் இருக்கு. மரியாதையா எழுதினா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க.

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 11, இரவு 9.50

எட்டு மணிக்கு லத்தி போட்டது. நாடி 40. தப்பிச்சம். பலகை எழுதியாச்சு, தமிழ், சிங்களம், இங்கிலீசு. சிங்களத்துக்குச் சந்தி பொலிஸ்காரர் உதவி.

இன்னொரு கேள்வி. சங்குட விலா எலும்பு எண்ணலாம் போல கிடக்கு. நெஞ்சளவு 136க்கு இறங்கியிற்று, 218 கிலோ. சதை போட என்ன குடுக்கலாம்? ஒருத்தர் கோழித்தீன் குடு, ரெண்டு கிழமையில கொழுக்கும் என்டார். இன்னொருத்தர் தவிட்டுக் கஞ்சி.

—

வந்தாறுமூலைப் பிள்ளை | ஆகஸ்ட் 11, 10.00

கோழித்தீன் ஒரு கை கூடக் குடுக்காதீங்க. கனக்கக் கோழித்தீனில ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க மொனென்சின், சலினோமைசின் மாதிரி மருந்து கலந்திருக்கும். கோழிக்குச் சுகம். குதிரைக்கு இதயத் தசையே செத்துப்போகும், கொஞ்ச அளவே போதும், திருப்பி எடுக்க மருந்தும் இல்லை. சில மாட்டுத்தீனிலயும் இருக்கு. கோழி, மாட்டுத்தீன் அள்ளின அதே வாளியால குதிரைக்கு அள்ளவும் வேண்டாம்.

தவிடு ருசிக்கு ஒரு பிடி பரவாயில்லை. நாளாந்தத் தீனா வைச்சா பொஸ்பரஸ் கூடி, உடம்பு எலும்பில இருந்து கல்சியத்தை இழுக்கும். தாடை எலும்பு வீங்கிற குதிரை அப்பிடி வாறதுதான்.

இப்போதைக்குப் புல்தான் மருந்து. ஒரு நாளைக்கு, ஈரத்தைக் கழிச்சுப் பார்த்தா, நிறையில நூத்துக்கு ஒன்றரை ரெண்டு பங்கு போய்ச் சேரோணும். பச்சைப்புல்லில முக்கால்வாசி தண்ணி, அதால பார்வைக்குப் பெரிய கட்டாத் தெரியும். அதை ஆறேழு நேரமாப் பிரிச்சுக் குடுங்க. காலில இன்னும் நோவு இருக்கேக்க இனிப்பும் மாவும் ஆகாது, அதால பாண் ரெண்டு விதத்தில குற்றம்.

—

படுவான்கரைப் பட்டிக்காரன் | ஆகஸ்ட் 12, காலை 5.30

உன்னிச்சைக் குளத்து அலைகரையில இன்னும் பச்சை நிக்குது. சனிக்கிழமை மகன் மோட்டச்சைக்கிளில வாறான், ரெண்டு கட்டு அனுப்புறன். வேரோட பிடுங்காமல் அரிவாளால ஒரு சாண் மேல வெட்டச் சொல்லியிருக்கன். மணல் கதையை நானும் வாசிச்சுக்கொண்டுதான் இருக்கன்.

—

கல்லடி மணல் | ஆகஸ்ட் 24, இரவு 7.40

பன்னிரண்டு நாளா ஒரு கரைச்சலும் இல்ல. கால் ஒரே நேராய் வைக்குது. நாடி காலையில 36, பின்னேரம் 40. டொக்டர் இனிக் கிழமைக்கு ஒருக்காப் பாத்தாக் காணும் என்டார். கையில பிடிச்சு, மட்டமான தார் ரோட்டில, பத்து நிமிசம் காலையும் மாலையும். முதல் நாள் கோயிலடி வரைக்கும் போகக்குள்ள சங்கு கடற்கரைப் பக்கம் இழுத்தது. அங்க புல்லே இல்ல, மணலும் அடம்பன் கொடியும்தான். பழகின வழி.

டொக்டர் விசயத்தில ஒன்டு எழுதோணும். அவருக்கு ஊசியைக் காட்டினா சங்கு காதைப் பின்னுக்குப் படுக்க வைச்சுச் சுவரோட ஒட்டும். மூக்குக் குழாய் நாலு தரம் ஏறின சீவன், ஆரைக் குறை சொல்ற? போன கிழமை அவர் ஊசி இல்லாமலே வந்தார். வந்து ஒரு கரட் துண்டு, கழுத்தில ஒரு தடவல், அவ்வளவுதான், போயிற்றார். நேத்து உண்மையிலயே ரத்தம் எடுக்க வந்தார். காது அரைவாசிதான் படுத்தது. நான் வலது பக்கம் நின்டு கண்ணுக்கு மேல கையை வைச்சிருந்தன், அவர் இடது பக்கம். முடிய அதே கரட். மாடு பாக்கிற டொக்டர் என்டு தன்னைக் குறைச்சுச் சொன்ன மனுசன்.

—

ஊர்சுத்தி | ஆகஸ்ட் 24, 8.15

கல்லடி அண்ணன், அன்டைக்கு வில்லுங்க என்டது நான்தான். போன கிழமை பாலத்தடியால வரக்குள்ள மதிலால எட்டிப் பாத்தன். பலகை பாத்திட்டு ஒன்டும் போடல்ல. வடிவான குதிரை.

—

அறுகம்பைச் சவாரி | ஆகஸ்ட் 25, காலை 6.20

மாரி தொடங்க முதல் தீன் வைக்கிற இடத்தைச் சரிப்படுத்துங்க தம்பி. மணல் வளவை மாத்த ஏலாது, வாயும் மணலும் சந்திக்கிற இடத்தை மாத்தலாம். பழைய லொறி ரயரை வெட்டிப் புரட்டினா தொட்டி. அதைச் சும்மா மணலில வைச்சா வெளியால சிந்தினதைப் பொறுக்கும், அதால கீழ பெரிய ரப்பர் விரிப்புப் போட்டு நாளுக்கு ஒருக்காக் கூட்டோணும். நான் மாசத்தில ஒரு கிழமை இசப்கோலும் குடுக்கிறன், ஈரப் புல்லில பிசறி. உங்கட டொக்டரைக் கேட்டுச் செய்யுங்க. மாசம் முழுக்கக் குடுத்தா குடல் பழகிப்போகும் என்டு எனக்குச் சொன்னவங்க.

—

கல்லடி மணல் | செப்டெம்பர் 6, பின்னேரம் 6.05

இன்டைக்குப் பை கட்டினன். மூலையில நகத்தில ஒட்டுற அளவு மணல், அதுக்கு மேல இல்ல. நெஞ்சளவு 138. கணக்குப் பாத்தா 224 கிலோ. கொப்பி முடிஞ்சு போச்சு, மருமகன் புதுசு கேக்கிறான்.

ரயர் தொட்டி வந்திட்டு. சங்கு புல்லைத் திண்டு முடிச்சு, அடியில கிடந்த உப்பை நக்கி, தொட்டியைக் காலால புரட்டிப்போட்டு எங்களைப் பாக்குது. விரிப்புத்தான் இன்னும் கிடைக்கல்ல. ஆரிட்டயும் பழைய லொறித் தட்டு ரப்பர் கிடந்தா சொல்லுங்க, ஆறடிக்கு ஆறடி.

—

ஓட்டமாவடிக் காக்கா | செப்டெம்பர் 6, 6.30

என்ட லொறித் தட்டுல கிடந்த இரிக்கி. மீன் மணம் போகக் கழுவித் தாறன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வாறன், பேத்தியும் வாற. குதிரைய ஒருக்காப் பாக்கணும் என்டு ஒரு மாசமா அழுகை.

—

கல்லடி மணல் | செப்டெம்பர் 6, 6.34

தாராளமாக் கூட்டிக்கொண்டு வாங்க காக்கா, அம்மா சோறு ஆக்குவா. பேத்தியிட்ட ஒன்டு மட்டும் சொல்லுங்க, கையில பாண் வேணாம் என்டு.